காற்றுவழிக்குள் பன்னிரண்டு பெட்டிகள்

கொட்டாஞ்சேனை
கொழும்பு, 11.02.2024

தம்பி ஜனாவுக்கு,

நீயும் நிலூஷாவும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நேற்றே தெரிந்துகொண்டேன். என்னோடு முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை தன் போனில் உன் படத்தைக் காட்டினாள். சிங்கப்பூரில் ஒரு மேடையில் நிற்கிறாய். கையில் கண்ணாடிக் கேடயம். பின்னால் திரையில் நாங்கள் இருக்கிற அடுக்குமாடிக் கோபுரம். "ஏசி இல்லாமல் காற்றாலேயே குளிரும் வீடு" என்று கீழே எழுதியிருந்தது. "டீச்சர், இது உங்கட தம்பியெல்லோ, உங்கட வீடெல்லோ" என்று அவள் சந்தோசப்பட்டாள். நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

போனில் கதைத்தால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். மெசேஜ் போட்டால் கடைசி வரி மட்டும் வாசிப்பாய். அதனால்தான் இந்த மெயில்.

திரையில் இருந்தது நாங்கள் இருக்கிற வீடு இல்லை. நீ கீறிய படத்தில் கோபுரத்தின் நடுவில், நிலத்திலிருந்து கூரை வரைக்கும் ஒரு வெளி இருந்தது. காற்றுவழி என்று நீதான் அதற்குப் பெயர் வைத்தாய். தொழிற்சாலையில் செய்த வீட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்து அந்த வெளியைச் சுற்றி அடுக்குவோம், துறைமுகக் காற்று முன்னறையால் வந்து நடு அறையையும் குசினியையும் தாண்டி அந்த வெளியால் மேலே போகும் என்று நாங்கள் முன்பு இருந்த வரிசைவீட்டுத் தோட்டத்துச் சனத்துக்கு நிலத்தில் கீறிக் காட்டினாய். தோட்டத்தை உடைத்த பிறகு நாங்கள் இரண்டு வருசம் ஆளுக்கொரு வாடகை வீட்டில் கிடந்தோம். குடிவந்து பார்த்தால் வெளியைக் காணவில்லை. தளத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெட்டிகளை அதற்குள் இறக்கியிருக்கிறார்கள். என் குசினி யன்னலைத் திறந்தால் தகரச் சுவர். கையை வெளியே நீட்ட முடியாது. சுவருக்கு அங்கால் றஸ்மியாவின் குடும்பம். அவள் பிள்ளைகளை ஏசுவது எனக்கு இங்கே கேட்கும்.

ஏன் செய்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். கோபுரத்தைக் கட்டிய கம்பனி துறைமுகம் தெரிகிற பக்கத்து வீடுகளை வெளியாருக்கு விற்கிறது. அங்கே இருக்கவேண்டிய பன்னிரண்டு குடும்பங்களைத் தூக்கி நடுவில் அடைத்துவிட்டார்கள்.

கேடயத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் பதில் எழுது.

அக்கா
கௌரி

---

சிங்கப்பூர்
25.02.2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. அத்தானுக்கு இழுப்பு எப்படி? மிளகாய்த்தூள் மில்லை விட்டு நின்ற பிறகு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் அந்த விருது எனக்கு இல்லை, எங்கள் நிறுவனத்துக்கு. அதுவும் வரைபடத்துக்குக் கொடுத்தது, கட்டடத்துக்கு அல்ல.

படங்களை ஒப்படைத்ததோடு எங்கள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. காற்றுவழிக்குள் பெட்டி இறக்கப்போகிறார்கள் என்று அறிந்தபோது, கூடாது என்று கம்பனிக்கு எழுதினேன். பதில் வரவில்லை. வெளியில் இருக்கிற ஆலோசகர் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

இப்போதைக்குக் குசினியில் காற்றை வெளியே இழுக்கிற பேன் ஒன்று பூட்டுங்கள். பகலில் முன்கதவைத் திறந்து வையுங்கள். படங்கள் எடுத்து அனுப்புங்கள், யோசித்துப் பார்க்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
ஜனா

---

கொட்டாஞ்சேனை
03.03.2024

தம்பி,

பிள்ளைக்குக் காய்ச்சல் மாறியது ஆறுதல். வெயிலில் விளையாட விடாதே.

உன் கடிதத்தில் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். பெட்டி இறக்கப்போகிறார்கள் என்று அறிந்தபோது கம்பனிக்கு எழுதினாயாம். எனக்கு ஏன் எழுதவில்லை? அப்போது நாங்கள் சாவி வாங்கியிருக்கவில்லை. கோபுரத்தின் முன்னால் இருந்து மறித்திருப்போம். உனக்கு அக்காவின் நம்பர் தெரியாதா?

தோட்டத்தில் தொண்ணூறு குடும்பம். தோட்டத்தை உடைக்கச் சம்மதம் கேட்டு வீடு வீடாகப் போய் "கையெழுத்து வையுங்கோ, என்ர தம்பி கீறின வீடு" என்று சொன்னவள் நான். இராமலெட்சுமி மட்டும் கடைசி வரைக்கும் மாட்டேன் என்றாள். "பெட்டிக்குள்ள மனுசர் இருப்பாங்களா டீச்சர்" என்று கேட்டாள். அவளிடம் நாலு தரம் போனேன். இன்றைக்கு அவள் பன்னிரண்டாம் தளத்தில், வெயில் நேரே இறங்குகிற கூரைக்குக் கீழே இருக்கிறாள். லிப்டில் கண்டால் சிரிக்கிறாள். ஏசினால் எனக்குச் சுகமாக இருக்கும்.

பேன் பூட்டச் சொல்கிறாய். அது என் குசினிப் புகையை றஸ்மியாவின் சுவரில் அடிக்கும், சுவர் அதை எனக்கே திருப்பித் தரும். முன்கதவைத் திறந்தால் நடைபாதைச் சூடு உள்ளே வரும். நீ கெட்டிக்காரன், இது உனக்குத் தெரியாதா?

அமைச்சு ஒரு விசாரணைக் குழு வைத்திருக்கிறது. போன கிழமை முதல் கூட்டம். கம்பனி ஆள் சிங்களத்தில் சொன்னான்: "டீச்சர், உங்கட தம்பிதானே பிளான் கீறினது. குறை இருந்தா அவரிட்டக் கேளுங்க." சபையில் என் பக்கத்துச் சனமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இது நான் கீறிய கட்டடம் இல்லை, காற்றுவழியை அடைத்ததால் இது இருக்கத் தகுந்த வீடு இல்லை என்று உன் பெயர் போட்டு, கையெழுத்து வைத்துக் குழுவுக்கு எழுது.

நிலூஷாவைக் கேட்டதாகச் சொல்.

கௌரி

---

சிங்கப்பூர்
16.04.2024

அன்புள்ள அக்கா,

புதுவருச வாழ்த்து. இந்த முறை நிலூஷா பொங்கினாள், கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அத்தானுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். போன கடிதத்தில் நீங்கள் அவரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இந்த வெக்கையில் எப்படி இருக்கிறார்?

பதில் பிந்தியதற்குக் காரணம் உண்டு. உங்களுக்குள் வைத்திருங்கள். மட்டக்குளியில் மூன்று கோபுரம் கட்டப்போகிறார்கள். முந்நூறு குடும்பம். அதே கம்பனிதான் கட்டுகிறது. ஆனால் இந்த முறை வரைபடத்தோடு நிற்காமல் கட்டி முடியும்வரை மேற்பார்வை செய்கிற வேலையை எங்கள் நிறுவனத்துக்குத் தர ஓமென்றிருக்கிறார்கள். பொறுப்பு என்னிடம் வரும். அங்கே ஒரு பெட்டியையும் நான் காற்றுவழிக்குள் இறக்க விடமாட்டேன். மழைத்தண்ணீர்த் தாங்கி, கூரையில் சோலார், எல்லாம் படத்தில் இருக்கிறபடியே வரும்.

இப்போது நான் குழுவுக்கு எழுதினால் அந்த வேலை போய்விடும். அவர்கள் வேறொரு ஆளை வைத்து, கொட்டாஞ்சேனையில் செய்ததையே அங்கேயும் செய்வார்கள். நான் எழுதாவிட்டால் முந்நூறு குடும்பத்துக்கு நல்ல வீடு. எழுதினால் தொண்ணூறு குடும்பத்துக்கு ஒரு காகிதம். அக்கா, என் இடத்தில் இருந்து ஒரு நிமிசம் யோசியுங்கள்.

அன்புடன்
ஜனா

---

கொட்டாஞ்சேனை
18.04.2024

ஜனா,

உன் இடத்தில் இருந்து யோசித்தேன். அங்கே யன்னல் இருக்கிறது, காற்றும் வரும்போல. நல்லாக யோசிக்க முடிந்தது.

எங்களையும் முதலில் இப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். பன்னிரண்டு குடும்பத்தை நடுவில் வைத்தால் மிச்சப் பேருக்கு வீடு கெதியாகக் கிடைக்கும் என்று. நீயும் அதே கணக்கைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறாய். எங்களை ஓரத்தில் தள்ளிவிட்டு மட்டக்குளிக்குப் போ. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு தரம் வாய் மூடியிருந்ததால்தான் உனக்கு இந்த வேலை கிடைக்கிறது. அங்கே அவர்கள் ஒரு பெட்டியை இறக்கும்போது எதை வைத்து மறிப்பாய்? நீ வாய் மூடுகிறவன் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டதே.

இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

கௌரி

---

சிங்கப்பூர்
09.05.2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. ஆனாலும் அத்தான் எப்படி என்று கேட்கிறேன், நீங்கள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தும்.

எனக்கும் கோபம் வரும் அக்கா. பதினைந்து வருசமாக நான் படித்ததும் வேலை செய்ததும் இந்த ஒரு விசயத்துக்குத்தான். நெருக்கமான நகரத்தில், சின்ன நிலத்தில், சனம் மனிசராக இருக்கக்கூடிய வீட்டை மலிவாகக் கட்டலாம் என்று காட்டுவதற்கு. கொழும்பில் அதைக் கெடுத்தது நானா? என் பிள்ளையை வேறு ஆள் அடித்து முறித்துவிட்டு, அப்பன் நீதானே என்று என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஏற்றுகிறவர்களோடு நீங்களும் நிற்கிறீர்கள்.

விசாரணைக் குழு என்கிறீர்கள். அது ஒரு அறிக்கை எழுதும், தேர்தல் வரும், அறிக்கை கந்தோர் அலுமாரியில் தூசு பிடிக்கும். அதற்காக நான் கையில் இருக்கிற மூன்று கோபுரத்தையும் விட வேண்டுமா? உங்களுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டும். கம்பனிக்காரன் கையில் அகப்படமாட்டான். தம்பி அகப்படுவான்.

ஜனா

---

சிங்கப்பூர்
23.06.2024

அன்புள்ள அக்கா,

ஆறு கிழமையாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் எழுதியதில் சில வரிகளை எழுதியிருக்கக் கூடாது.

நேற்று அத்தானின் பிறந்தநாள். அவருடைய போனுக்கே எடுத்தேன். நல்ல சந்தோசமாகத்தான் கதைத்தார். "எல்லாம் பறவாயில்லைத் தம்பி" என்றார். கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ரயில் போனது. கொஞ்சத்தில் இன்னொன்று. கொட்டாஞ்சேனையில் ஏது ரயில் என்று கேட்டேன். "நான் கல்கிசையில என்ர அக்கா வீட்டில நிக்கிறன். கௌரி சொல்லேல்லையோ?" என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு, "அவளிட்டக் கேள்" என்று வைத்துவிட்டார்.

அக்கா, ஏன் மறைத்தீர்கள்? நாலு மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேனே.

இதோடு கையெழுத்து வைத்த கடிதம் இணைத்திருக்கிறேன். என் அக்காவின் கணவர் சுவாச நோயாளி என்றும், காற்றில்லாத அந்த வீட்டில் இருக்க முடியாமல் குடும்பத்தைப் பிரிந்து இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறேன். மட்டக்குளி போனால் போகட்டும். நாளைக்கே குழுவிடம் கொடுங்கள்.

ஜனா

---

கொட்டாஞ்சேனை
26.06.2024

தம்பி ஜனாவுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

அத்தான் பெப்ரவரி முதல் கிழமையில் போனார். நான் உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்குக் கொஞ்சம் முன். நடு அறையில் படுத்தால் அவருக்கு மூச்சு ஏறாது. முன்னறையில் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டு பார்த்தார். ஒரு நாள் உதடு நீலமாகிவிட்டது. தமக்கை வீடு நிலத்தோடு, கடல் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்துக் கட்டிக்கொண்டு நான் போகிறேன். பின்னேரம் அவர் என்னை பஸ் ஏற்றிவிடுகிறார். இருபத்தெட்டு வருசம் ஒரு கூரைக்குக் கீழே இருந்த மனிசனை விருந்துக்குப் போவதுபோலப் போய்ப் பார்க்கிறேன். அதை எழுத எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் மறைத்தது வெட்கத்தால் மட்டும் இல்லை. சொன்னால் அன்றைக்கே கையெழுத்து வைப்பாய் என்று எனக்குத் தெரியும். வைத்துவிட்டாய், பார்.

தொண்ணூறு குடும்பத்துக்கு மூச்சு முட்டுகிறது என்று எழுதினேன், கணக்குப் பார்த்தாய். உன் அத்தானுக்கு என்றதும் கை தானாக எழுதுகிறது. இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் சிங்கப்பூரில் தம்பி இல்லை. நாலாம் தளத்தில் ஒரு பச்சைப் பிள்ளைக்கு உடம்பு முழுக்க வேர்க்குரு. அதன் தாய்க்கு ஆர் எழுதிக் கொடுப்பது?

உன் கடிதத்தை நான் குழுவிடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். கொடுத்தால் கம்பனி வக்கீல் அதைத் தூக்கிக் காட்டி, இது அக்கா தம்பி பாசம் என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். இரக்கத்தில் எழுதியது எனக்கு வேண்டாம். உண்மை என்பதற்காக எழுத முடிந்தால் எழுது. முடியாவிட்டால் மட்டக்குளிக்குப் போ, நான் இனிக் கேட்கமாட்டேன்.

நீ மே மாதம் எழுதிய கோபக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அது நல்லது. மற்றக் கடிதங்களில் நீ இருக்கவில்லை.

அக்கா
கௌரி

---

சிங்கப்பூர்
04.08.2024

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? அத்தானோடு கிழமைக்கு ஒரு தரம் கதைக்கிறேன். வீட்டைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை. கிரிக்கெட் கதைக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை குழுவுக்கு நேரடியாக எழுதிவிட்டேன். அதில் நீங்களும் இல்லை, அத்தானும் இல்லை. நான் கீறியது என்ன, கட்டியது என்ன, இரண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டின் வெப்பம் எவ்வளவு ஏறும், காற்று எவ்வளவு குறையும் என்பது மட்டும். என் பெயர், பதிவு இலக்கம், கையெழுத்து.

அதோடு இன்னும் ஒன்று அனுப்பினேன். குறை சொல்லிவிட்டு நிறுத்த எனக்குப் பிடிக்கவில்லை. இது கொங்கிறீற் ஊற்றிக் கட்டிய கட்டடம் இல்லை அக்கா. பெட்டிகளைப் போல்ட் போட்டுத்தான் பூட்டியிருக்கிறார்கள். இறக்கியது போலவே ஏற்றலாம். கூரையைத் திறந்து, கிரேனால் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பன்னிரண்டையும் வெளியே எடுக்கலாம். எப்படி என்று ஒவ்வொரு படியாகக் கீறி அனுப்பியிருக்கிறேன்.

நடுவில் இருக்கிற குடும்பங்களிடம் இதை நீங்களே முதலில் சொல்லுங்கள். பேப்பரில் பார்த்து அறியக் கூடாது.

ஜனா

---

கொட்டாஞ்சேனை
13.10.2024

தம்பி ஜனாவுக்கு,

இங்கே மழை. உங்கள் பக்கம் எப்படி? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததாக அத்தான் சொன்னார். கெட்டிக்காரியாக வரட்டும்.

ஜனாதிபதித் தேர்தல் முடியட்டும் என்று குழு இரண்டு மாதம் இழுத்தது. அதற்கிடையில் நீ சொன்னபடி நான் றஸ்மியாவிடம் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"எங்கட ஊட்டக் கழட்டச் சொல்லியா டீச்சர் எழுதி ஈக்கிறது?"

ஓம் என்றேன்.

"ஒங்களுக்குக் காத்து வேணும். எங்களுக்கு ஊடு வேணாமா? அந்தக் குப்பப் பெட்டிக்குள்ள நாங்க ஆசப்பட்டா வந்தம்?"

வாசலில் நின்றபடி அவளுடைய வீட்டின் உள்ளே அன்றைக்குத்தான் பார்த்தேன். நாலு பக்கமும் சுவர், ஒரு யன்னலும் கிடையாது. என் வீட்டுக்குக் காற்று இல்லை என்று எட்டு மாதமாகக் கத்துகிறேன். என் குசினியை அடைத்துக்கொண்டு இருக்கிறவளுக்கு வெளிச்சமும் இல்லை என்பது ஒரு நாளும் என் வாயில் வரவில்லை. அந்தச் சுவரை நான் இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

"துறைமுகப் பக்கத்து வீட்டுச் சாவி உன்ர கையில வரும்வரைக்கும் ஒரு போல்டும் கழட்ட விடமாட்டம்" என்றேன்.

"எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தில் இதைச் சொன்னபோது இரண்டு பேர் எழும்பிக் கத்தினார்கள், அவர்களுக்காக நாங்கள் ஏன் காத்திருக்க வேண்டும் என்று. நானும் கத்தினேன். குழுவின் அடுத்த கூட்டத்துக்கு றஸ்மியா பன்னிரண்டு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் இருந்தாள்.

போன செவ்வாய் குழு முடிவு சொன்னது. துறைமுகப் பக்கத்தில் விற்ற வீடுகளில் ஒருவரும் இதுவரை குடிவரவில்லை, எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. கம்பனி அவற்றைத் திருப்பி வாங்கிப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும். அதன் பிறகு பெட்டிகளை எடுக்க வேண்டும். உன் படங்களை அப்படியே உத்தரவோடு சேர்த்திருக்கிறார்கள். கம்பனி ஆள் என்னைப் பார்க்காமல் எழும்பிப் போனான்.

உனக்கு அங்கே என்ன நடந்தது என்று நீ எழுதவில்லை.

அக்கா
கௌரி

---

சிங்கப்பூர்
02.11.2024

அன்புள்ள அக்கா,

சுகம். தீபாவளிக்கு நிலூஷா முறுக்குச் சுட்டாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் அழுவதை விட்டுவிட்டாள்.

இப்போது நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஆட்கள் கேட்கிற சின்னச் சின்னப் படங்கள் கீறிக் கொடுக்கிறேன். நேரம் நிறைய இருக்கிறது. பிள்ளையை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மட்டக்குளி வேலைக்கு வேறு ஆட்களை எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி.

றஸ்மியாவுக்குச் சாவி கிடைத்ததா?

ஜனா

---

கொட்டாஞ்சேனை
08.12.2024

தம்பி ஜனாவுக்கு,

நீயும் நிலூஷாவும் பிள்ளையும் நல்லாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்று எழுதியிருந்தாய். விளங்கியது. அதைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன்.

றஸ்மியாவுக்கும் மற்றப் பதினொரு குடும்பத்துக்கும் சாவி கிடைத்தது. சாமான் ஏற்ற நாங்கள் எல்லாரும் போனோம். நவம்பர் நடுவில் கிரேன் வந்தது. கூரையைத் திறந்து முதல் பெட்டியைத் தூக்கியபோது கொட்டாஞ்சேனையே தெருவில் நின்றது. மேலிருந்து நாலு பெட்டி எடுத்தார்கள். பிறகு கிரேனை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தை மாதம் வருமாம். எங்கள் தளத்துக்கு இன்னும் வரவில்லை. நாளைக் காலை நாங்கள் நூறு பேர் கம்பனிக் கந்தோர் வாசலில் இருக்கப்போகிறோம். தை மாதம் என்றால் எந்தத் தை என்று கேட்க.

போன ஞாயிறு நான் கல்கிசைக்குப் போகவில்லை. அத்தான் இங்கே வந்தார். லிப்டில் நேரே பன்னிரண்டாம் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இராமலெட்சுமி குசினியில் கதிரை போட்டுக் கொடுத்தாள். யன்னல் திறந்திருந்தது. அவர் கனநேரம் அப்படியே இருந்தார், மூச்சு இழுக்கிற சத்தம் இல்லாமல்.

"இதையோ ஜனா கீறினவன்?" என்றார்.

"ஓம்."

"அப்ப நல்லாத்தான் கீறியிருக்கிறான்."

எனக்குச் சந்தோசம் வரவில்லை. எங்களுக்குச் சேரவேண்டிய காற்றை இன்னொருவர் வீட்டில் கதிரை கேட்டு இருந்து அவர் வாங்குகிறார். பின்னேரம் திரும்பவும் பஸ் ஏற்றிவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் விடமாட்டேன்.

உனக்கு நன்றி சொல்லவும் மாட்டேன். சரியானதைச் செய்தாய். அதற்கு நன்றி சொன்னால் செய்யாமலும் விட்டிருக்கலாம் என்று ஆகிவிடும்.

இன்னும் ஒரு விசயம். நேற்று மட்டக்குளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், முப்பது பேர் இருக்கும். அவர்களிடம் கம்பனி கையெழுத்துக் கேட்கிறதாம். நான் என் குசினி யன்னலைத் திறந்து, ஒவ்வொருவராகக் கையை வெளியே நீட்டச் சொன்னேன். பிறகு மேலே கூட்டிக்கொண்டு போய் இராமலெட்சுமியின் யன்னலில் நீட்டச் சொன்னேன். ஒருவரும் கையெழுத்து வைக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதைக் கேட்க வேண்டும், எதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லித்தர அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும். கம்பனியின் ஆளாக இல்லாமல் அவர்களுடைய ஆளாக.

உன் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். எழுதுவார்கள். ஒன்றரை மாதம் எடுக்காமல் பதில் போடு.

அக்கா
கௌரி